'ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது' என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வணக்கம். போன வாரம் இரவு நம் லினக்ஸ் பயனர் குழுவில் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சர்வரின் ரூட் பார்ட்டிஷன் (கணினியின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) 100 சதவீதம் நிறைந்துவிட்டது, லாக் எனப்படும் நடப்புப் பதிவுகள் இருக்கும் /வார்/லாக் அடைவில் இருந்த பெரிய கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை, அவசரம் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தாறு பேர் உடனே வந்தோம். டிஸ்க் இடத்தைக் கணக்கிடும் கட்டளைகளான டிஎஃப் என்ன காட்டுகிறது, டியூ என்ன காட்டுகிறது, அழித்த கோப்பின் பெயர் என்ன என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டோம். கோப்பின் பெயரை மட்டும் சொன்னீர்கள். இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: "ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது. நன்றி."

சர்வர் எழுந்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி. தளம் படுத்துக் கிடக்கும்போது, பக்கத்தில் நின்று "எப்போது வரும், எப்போது வரும்" என்று கேட்பவர்களை வைத்துக்கொண்டு நிதானமாக ஆராய யாராலும் முடியாது. நீங்கள் ரீபூட் செய்ததில் தவறே இல்லை. ஆனால் தம்பி, அந்தப் பிரச்சினை இன்னும் உங்கள் சர்வரிலேயேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சில வாரங்களில் திரும்ப வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று உள்ளே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் அடைவில் இருக்கும். கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் தரவு கிடக்கும் இடம் எல்லாம் ஐநோடு என்ற பதிவில் இருக்கும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை பெயரை மட்டும்தான் எடுக்கிறது. ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் போன பிறகும் லினக்ஸின் மையமான கெர்னல் அதைத் தொடாது. கடைசியாகத் திறந்து வைத்திருப்பவர் மூடினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அந்த ப்ராசஸ் பெயரில்லாத அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டேகூட இருக்கலாம்.

அன்று நாங்கள் டிஎஃப், டியூ இரண்டையும் கேட்டதற்குக் காரணம் இதுதான். டியூ அடைவு அடைவாகப் போய், கண்ணில் படும் பெயர்களின் அளவைக் கூட்டுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே மொத்தக் கணக்கைக் கேட்கிறது. பெயரில்லாத கோப்பு டியூவின் கண்ணில் படாது, டிஎஃப் கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்து ஜிபி வித்தியாசம் இருந்தால், ஏதோ ஒரு ப்ராசஸ் அழிந்த கோப்பை விடாமல் பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். (இன்னொரு காரணமும் உண்டு: ஒரு அடைவில் கோப்புகள் இருக்கும்போதே அதன் மேல் வேறு டிஸ்க்கை மவுண்ட் செய்தால் (இணைத்தால்), பழைய கோப்புகள் அடியில் மறைந்து கிடக்கும்.) திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடித்திருந்தால் பிடித்திருக்கும் ப்ராசஸின் பெயரும் எண்ணும் அப்படியே வந்திருக்கும். அந்த ஒரு சேவையை மட்டும் ரீலோட் அல்லது ரீஸ்டார்ட் செய்தால் போதும், இடம் வந்துவிடும். ரீபூட் செய்தபோது எல்லா ப்ராசஸும் நின்றன, அதோடு இதுவும் நின்றது. அதனால்தான் சரியானது.

ஆனால் அதே ரீபூட் தடயத்தையும் அழித்திருக்கலாம். /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவு இல்லாத சர்வரில், வழக்கமான அமைப்பில், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் லாக்கை நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும். அந்த அடைவு இருந்தால் ஜர்னல்சிடிஎல் -பி -1 என்று கேட்டு, ரீபூட்டுக்கு முந்தைய ஓட்டத்தில் நடந்ததை இப்போதும் படிக்கலாம். உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே உருவாக்கி வையுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு இரவு இதே போல ஆனது. வலைச் செயலியில் யாராலும் உள்நுழைய முடியவில்லை. லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஎஃப் -ஹெச் போட்டால் பாதி டிஸ்க் காலி. நானும் ரீபூட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் குழுவில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் பதிலுக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "டிஎஃப் -ஐ என்ன சொல்கிறது?"

இடத்துக்குப் பதில் ஐநோடுகளின் கணக்கைக் காட்டும் அப்படி ஒரு விருப்பம் (ஆப்ஷன்) இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போட்டுப் பார்த்தேன். ஐநோடுகள் 100 சதவீதம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் எத்தனை ஐநோடுகள் என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. எதுவும் மாற்றாவிட்டால் பொதுவாக 16 கேபி இடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. என்னுடைய 20 ஜிபி பார்ட்டிஷனுக்கு ஏறக்குறைய 13 லட்சம். அந்த 13 லட்சமும் தீர்ந்துவிட்டால், டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் புதிதாக ஒரு கோப்புகூட உருவாக்க முடியாது. டிஸ்க் நிறைந்தால் வரும் அதே பிழைச்செய்திதான் இதற்கும் வரும்.

எந்த அடைவில் இத்தனை கோப்புகள் என்று தேடினால், செயலி தன் செஷன் கோப்புகளை (பயனரின் ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று) போடும் அடைவு. அங்கே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டால் திரை அப்படியே நின்றது. லட்சக்கணக்கான பெயர்களைப் படித்து, வரிசைப்படுத்திவிட்டுத்தான் அது காட்டும். ஆர்எம்-உடன் நட்சத்திரக் குறி போட்டால் 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்'. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அத்தனை பெயர்களையும் ஒரே கட்டளையாக விரித்துக் கெர்னலிடம் கொடுக்கப் பார்க்கிறது, கெர்னல் அவ்வளவு நீளத்தை ஏற்பதில்லை. அதே மனிதர் பொறுமையாக, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையையும், இரண்டு நாளுக்கு முந்தைய கோப்புகளை மட்டும் அழிக்கும் விருப்பங்களையும் சொல்லிக் கொடுத்தார். முதலில் டிலீட் போடாமல் ஓட்டி, வரும் பட்டியல் சரிதானா என்று பார்க்கச் சொன்னார். அந்த வழக்கத்தை இன்றுவரை நான் விட்டதில்லை.

சர்வர் எழுந்தது. நானும் "நன்றி, சரியாகிவிட்டது" என்று எழுதினேன். அவர் விடவில்லை. "ஏன் இத்தனை கோப்புகள் சேர்ந்தன என்று தெரிந்ததா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "தெரிந்ததும் வந்து சொல்லுங்கள்" என்றார். இரண்டு நாள் தேடினேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், எங்கள் செயலி எழுதப்பட்ட பிஎச்பி மொழி தானாகப் பழைய செஷன்களைத் துடைக்கும் வேலை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதில், நேரம் குறித்து ஓடும் தனி வேலை ஒன்று பிஎச்பி அமைப்புக் கோப்புகளில் சொல்லியிருக்கும் அடைவைச் சுத்தம் செய்யும். எங்கள் செயலியோ நிரலுக்குள்ளேயே வேறு ஓர் அடைவைக் குறித்து வைத்திருந்தது. அந்த அடைவு துடைக்கும் வேலைக்குத் தெரியவே தெரியாது. பல மாதங்களாக ஒரு கோப்புகூட அழியவில்லை. இதைக் கண்டுபிடித்துக் குழுவில் போய்ச் சொன்ன அன்று, இன்னும் இரண்டு பேர் தங்கள் சர்வரிலும் டிஎஃப் -ஐ போட்டுப் பார்த்து, ஒன்று 80 சதவீதத்தில் நிற்கிறது என்று எழுதினார்கள். அவர்களுக்கு அந்த இரவு வராமலே போனது. சரி, என் கதை போதும்.

அன்று குழுவில் உங்களைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கலாம். விடை தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே என்று தோன்றியிருக்கும். ஆனால் உதவ வருபவரால் உங்கள் திரையைப் பார்க்க முடியாது. நீங்கள் ஒட்டுகிற எழுத்துகள்தான் அவருக்குக் கண். "வேலை செய்யவில்லை" என்பதில் அவருக்கு எதுவுமே தெரியாது. பிழைச்செய்தியை ஒரு எழுத்து மாறாமல், படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. கணினி வேறு மொழியில் செய்தி காட்டினால் கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்து ஓட்டுங்கள், ஆங்கிலத்தில் வரும், தேடவும் வசதி. கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். "ஒன்றும் மாற்றவில்லை" என்று நினைக்கும்போது, தொகுப்பு மேலாளரின் (மென்பொருள்களை நிறுவும் நிரலின்) லாக்கில் இரவோடு இரவாக எது அப்டேட் ஆனது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கடவுச்சொல், பொது ஐபி முகவரி, வாடிக்கையாளர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். முகவரி வேண்டுமென்றால் 192.0.2 என்று தொடங்குவதைப் போடலாம், எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கியது அது.

பதிப்பு எண்ணையும் மறக்காதீர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்குத் தன் கெர்னலைப் பற்றி எழுதியபோது அவருக்கு 21 வயது. மினிக்ஸில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று அவர்களிடம் கேட்டவர், தன்னிடம் பாஷ் ஷெல் 1.08, ஜிசிசி கம்பைலர் 1.40 ஓடுகின்றன என்று எண்ணோடு சொல்லித்தான் கேட்டார். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

அப்புறம், கேட்கும்போது நீங்கள் கண்டுபிடித்த தீர்வுக்கு வழி கேட்காமல், பிரச்சினையையே கேளுங்கள். குழுவில் ஒருவர் "ஹோம் அடைவு முழுவதற்கும் 777 பெர்மிஷன் கொடுப்பது எப்படி" என்று கேட்டார். ஹோம் என்பது ஒரு பயனரின் சொந்த அடைவு, 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று பொருள். சிலர் கட்டளையைச் சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் "எதற்காக?" என்று கேட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-இன் சாவியைப் போட்டும் சர்வர் கடவுச்சொல் கேட்கிறதாம், பெர்மிஷன் போதவில்லை என்று நினைத்தாராம். உண்மை நேர் எதிர். அவருடைய ஹோம் அடைவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஏற்கெனவே இருந்தது, அதனால்தான் எஸ்எஸ்ஹெச் சாவியை நம்ப மறுத்தது. சர்வரின் லாக்கில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பெர்மிஷனைக் குறைத்ததும் உள்ளே விட்டது. கேட்டதற்கு விடை கிடைத்திருந்தால் அவர் இன்னும் ஆழமாக மாட்டியிருப்பார்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிந்திருக்கும்: குழுவில் சொல்கிற எல்லாமே சரியாக இருக்காது, நான் சொல்வதும் சேர்த்துத்தான். யாராவது ஒரு கட்டளை கொடுத்தால், அதன் கையேடான மேன் பக்கத்தில் ஒவ்வொரு விருப்பத்தையும் பார்க்காமல் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாதீர்கள். ரூட் அடைவிலிருந்து எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிட்டால் ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சூடோ கட்டளையின் செட்யூஐடி பிட் (அந்த அதிகாரத்தைத் தரும் குறி) போய்விடும், அதன் பிறகு சூடோவே ஓடாது. சரிசெய்யும் வழியையே அந்தக் கட்டளை அடைத்துவிடும்.

இப்போது உங்கள் சர்வருக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன கோப்புப் பெயர் '.1' என்று முடிந்தது. அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லாக்குகளை அவ்வப்போது மாற்றி வைக்கும் லாக்ரொடேட் நிரல் பழைய லாக்கின் பெயரை மாற்றி '.1' ஆக்கிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குகிறது. அப்படிப் பெயர் மாறிய கோப்பை அதன் பிறகு யாரும் தொடக் கூடாது. அழித்தால் உடனே இடம் வர வேண்டும். உங்களுக்கு வரவில்லை. அப்படியானால் அந்தச் சேவைக்குப் பெயர் மாறிய செய்தியே போய்ச் சேரவில்லை, அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பெயரைத்தான் மாற்றினோம், ஐநோடு அதேதானே. என் ஊகம் சரியென்றால், புதிய லாக் கோப்பு பூஜ்யம் பைட்டில் கிடந்திருக்கும். ரீபூட்டுக்குப் பிறகு சேவை புதிய கோப்பைத் திறந்திருக்கும், இப்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அடுத்த முறை லாக்ரொடேட் ஓடியதும் மறுபடி '.1' வளரத் தொடங்கும்.

/ஈடிசி/லாக்ரொடேட்.டி அடைவில் அந்தச் சேவையின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் போஸ்ட்ரொடேட் என்ற பகுதி (பெயர் மாற்றிய பிறகு ஓட வேண்டிய கட்டளை இருக்கும் இடம்) இருக்கிறதா, இருந்தால் அதற்குள் என்ன கட்டளை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பகுதியை அப்படியே குழுவில் ஒட்டுங்கள். நான் மட்டுமல்ல, அன்று கேள்வி கேட்ட மற்றவர்களும் காத்திருக்கிறோம் தம்பி.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்