விசித்திரம் கடைசியில் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், ஒரு கருத்தரங்கில் ‘முப்பது ஒற்றைப்படை மாணவர்கள்’ கலந்துகொண்டதாகச் செய்தி வெளியாகியிருந்தது. முப்பது எப்போது ஒற்றைப்படை ஆனது? ஆங்கில மூலத்தில் ‘தர்ட்டி ஆட்’ (thirty-odd) என்று இருந்திருக்கும். முப்பத்துச் சொச்சம் பேர், அவ்வளவுதான். சொச்சம் என்று அழகான சொல் கைவசம் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு? (மொழிபெயர்த்தது மனிதரா கணினியா என்று நான் கேட்கப்போவதில்லை.)

‘ஆட்’ என்றால் விசித்திரம் என்றே பள்ளியில் படித்திருப்போம். அது பின்னாளில் ஏறிய பொருள். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச்சொல் நிலத்தின் கூர்முனையையும் முக்கோணத்தையும் குறித்தது. அடியில் இரண்டு முனைகள், அவற்றோடு சேராமல் உச்சியில் ஒன்று. இரு தரப்பும் சமபலத்தில் நிற்கும்போது முடிவை ஒரு பக்கம் சாய்க்கும் மூன்றாம் ஆளுக்கும் அதே அடிச்சொல்லில்தான் பெயர். ஐஸ்லாந்து மொழியில் ஒற்றைப்படை எண்ணுக்கு இன்றும் அந்த அடிச்சொல்லே வழங்குகிறது. மூன்றிலிருந்து ஒற்றைப்படை, அதிலிருந்து ஜோடி சேராமல் மிஞ்சியது, அதிலிருந்து ஊரோடு ஒட்டாத ஆள். ஷேக்ஸ்பியர் காலத்தில் விசித்திரமும் வந்து சேர்ந்துவிட்டது. பைத்தியமாக நடிக்கப்போவதை நண்பனிடம் சொல்லிவைக்கும் ஹாம்லெட், தன் நடத்தைக்கு இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறான்.

ஜோடி தொலைந்த செருப்பை நாமும் ஒற்றைச் செருப்பு என்கிறோம்; அதுவரை வில்லங்கம் இல்லை. ‘ஆட் ஜாப்’ விசித்திர வேலை அல்ல, அவ்வப்போது கிடைக்கும் சில்லறை வேலை. இவற்றில் தவறினால் வாசகர் சிரித்துவிட்டுப் போவார்.

‘ஆட்ஸ்’ (odds) அப்படியல்ல. பந்தயக்காரர்களின் இந்தச் சொல் மருத்துவ ஆய்வுகளிலும் புழங்குகிறது. இது நிகழ்தகவு அல்ல. நடந்ததை நடக்காததால் வகுத்தால் கிடைப்பது. ஒரு மருந்து சாப்பிட்ட 100 பேரில் 80 பேர் குணமானார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 20-ஆல் வகுத்தால் ஆட்ஸ் 4. சாப்பிடாத 100 பேரில் குணமானவர்கள் 60 பேர் என்றால் 60-ஐ 40-ஆல் வகுக்க, 1.5. நான்கை ஒன்றரையால் வகுத்தால் ஏறக்குறைய 2.7. உடனே ‘குணமாகும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகரிப்பு’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் 60 பேர் 80 பேர் ஆகியிருக்கிறார்கள், 1.33 மடங்குதான். அபூர்வமாக நடப்பவற்றில் இரண்டு கணக்கும் நெருங்கி வந்துவிடும். இப்படிப் பரவலாக நடப்பவற்றில் தலைப்பு நம்மை ஏமாற்றிவிடும். மாத்திரைக்குப் பணம் செலவழிப்பவர் அதை நம்பித்தானே கடைக்குப் போகிறார்?

எனவே அந்தச் சொல் வரும் ஆய்வுச் செய்திகளில் மடங்குக் கணக்கோடு நின்றுவிடாமல், எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.