கட்டாக்காலி என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ9 வீதியில் இரவில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளை, அதாவது கட்டாமல் ஆளில்லாமல் திரியும் மாடுகளைப் பற்றிப் போன கிழமை ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, சொல்லப்போனால் அவரை விடக் கூடவே. இரண்டு வருடத்துக்கு முதல் பரந்தனுக்குக் கிட்ட, மழை இருட்டில், படுத்திருந்த நாம்பன் மாடு ஒன்றோடு மோதி முழங்கை உரிந்து, மோட்டார் சைக்கிளின் முன் மட்காட்டும் நெளிந்தது. இன்னும் மாற்றவில்லை. ஆனால் மார்கழியில் மழை இரண்டு நாள் விட்டிருந்த நேரம் அதே சைக்கிளில் பூநகரிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்த பிறகு, ‘கட்டாக்காலி’ என்ற சொல் முன்னைப் போல வாயில் வருகிறதில்லை.

வேலையாகப் போகவில்லை, சும்மாதான் போனேன். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னார் போகிறவர்கள் ஏ32 வீதியால் பறந்து போய்விடுகிறார்கள். நான் அந்தக் காபெற் வீதியை விட்டுக் கிறவல் பாதைகளுக்குள் இறங்கினேன். ஒரு பனங்கூடல் முடியத் தரவை, அதாவது வெட்டவெளிப் புல் நிலம், தொடங்கும், அதற்குப் பிறகு அடுத்த பனை எங்கே என்று தேட வேண்டும். நடுவில் புல்லும் கணுக்கால் தண்ணீரும் கொக்கும் மட்டும்தான். குழிக்குள் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாததால் இருபதுக்கு மேல் ஓட முடியாது, ஓடவும் மனம் வராது. சைக்கிளை நிறுத்தினால் காற்றும், சூடு ஆறுகிற எஞ்சினின் டிக் டிக்கும்.

எங்கள் வயதுக்காரருக்குத் தரவைக்குள் கால் வைக்க இன்னும் ஒரு தயக்கம் உண்டு. மிதிவெடி இருக்கு என்று காட்டும் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் கால் பாதையைத்தான் தேடும். மாட்டுக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. மிதிவெடியில் கால் போன மாடுகளைக் காணாத ஆள் வன்னியில் குறைவு.

ஒரு மதகடியில் பின்ரயரில் முள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. உருட்டத் தொடங்கினேன். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர், “உருட்டாதை தம்பி, ரியூப்பை வெட்டிப்போடும், பெடியன் பம்போட வருவான், இரு” என்றார். பெடியன் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த நேரம் அவருடைய மாடுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொன்றின் பின்தொடையிலும் சுட்ட குறி, மயிர் முளைக்காத தழும்பாக, அவருடைய தகப்பனின் பெயரின் முதல் எழுத்து. எனக்கு மோதிய நாம்பனுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும், நான் தொடையையா பார்த்தேன்!

அவர் சொன்னது இதுதான். காலபோகம் என்கிற மழைக்கால நெல்லை விதைத்தால் மாசி அறுவடை முடியும் வரைக்கும் வயல் பக்கம் மாடு போக ஏலாது. முந்தி அந்த மாதங்களில் மாட்டுப் பட்டியைக் காட்டோரத்துக்கும் தரவைக்கும் கொண்டு போய்க் காலை என்கிற மாட்டு அடைப்புக்குள் விட்டுவிடுவார்கள். இப்போது காட்டோரத்தில் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல். தரவையில் பாதியை ஆரோ முட்கம்பி போட்டுப் பிடித்திருக்கிறார்கள், ஒரு மூலையில் மண் அள்ளிய பள்ளம். மிச்சத்தில் மழைத் தண்ணீர். ஈரத்தில் மாடு படுக்காது தம்பி, தார் வீதிதான் காய்ந்து கிடக்கு, இளஞ்சூடும் இருக்கு, அங்கதான் போகும் என்றார். இத்தனை வருடம் அந்த வீதியில் ஓடுகிற எனக்கு இது தோன்றவில்லை.

சரி, டவுனில் பால் கறந்துவிட்டு மிச்ச நேரம் சந்தைக் குப்பையில் மேயட்டும் என்று அவிழ்த்து விடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களைப் பிடித்துத் தண்டம் கட்ட வையுங்கள். ஆனால் நாற்பது ஐம்பது மாடு வைத்திருக்கிறவர் அதுகளை எங்கே கொண்டு போய்க் கட்டுவது? தரவையை வெறுங்காணி என்று நினைப்பதில்தான் பிழை. அது வெறுமையாகக் கிடக்கவில்லை, மேய்ச்சலுக்குக் கிடக்கிறது. எங்கள் பிரதேசத்தில் எந்தத் தரவை மேய்ச்சல் தரை என்று அளந்து, வர்த்தமானியில் போட்டு, காட்டுக்கு நாட்டின மாதிரி அதற்கும் கல் நாட்டுங்கள். அடுத்த காலபோக விதைப்புக்கு முன் செய்தால் நல்லது. கூட்டம் வைத்தால் மாடு வைத்திருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள், கூப்பிடாமல் எடுத்த முடிவில் அந்த முட்கம்பி அப்படியே இருக்கும்.

ஒட்டுப் போட்டதற்குக் காசு கொடுத்தேன், பெடியன் வாங்கவில்லை. ஜெயபுரம், அக்கராயன் வழியாக வீடு வந்து சேர இருட்டிவிட்டது. பொழுதுபடுகிற நேரம் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு ரியூப்பும் கைப் பம்பும் கொண்டு போங்கள், எல்லா நாளும் பெடியன் வரமாட்டான்.

ஒரு வாசகன்,
கிளிநொச்சி.