ஜெனரல் தாமஸுக்கு, அவசரமில்லாமல் ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜெனரல் ஜார்ஜ் ஹென்றி தாமஸ் அவர்களுக்கு,

உங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டின் மாணவர்கள். 1850களில் அங்கே குதிரைப்படைப் பயிற்சி கொடுத்தீர்கள். வயசான குதிரைகள் பாவம் என்று, பையன்கள் பாய்ச்சலுக்குத் தயாராகும் நேரம் பார்த்து 'மெல்லோட்டம்!' என்று கட்டளையிடுவீர்களாம். மெல்லோட்டத் தாத்தா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

1861இல் அமெரிக்காவின் வடக்குக்கும், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. உங்களைப் போலவே தெற்கு மாநிலமான வர்ஜீனியாவைச் சேர்ந்த ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தெற்கோடு போனார், நீங்கள் போகவில்லை. சகோதரிகள் உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பார்கள். வடக்கிலோ, இந்தத் தெற்கத்திக்காரரை நம்பலாமா என்ற சந்தேகம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

1863 செப்டம்பர் 20 அன்று சிக்கமாகா சண்டையில் வடக்கின் படைவரிசை உடைந்து, உங்கள் தளபதி ரோஸ்கிரான்ஸே சட்டனூகா நகருக்குத் திரும்பிவிட்டபோது, ஸ்னோட்கிராஸ் குன்றில் பொழுது சாயும்வரை நின்றீர்கள். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ நாஷ்வில் நகரச் சண்டைதான் பிடிக்கும்.

1864 டிசம்பர். ஊருக்குத் தெற்கே தெற்கத்தித் தளபதி ஹூட்டின் படை. உடனே தாக்கு என்று வடக்கின் தலைமைத் தளபதி கிராண்டிடமிருந்து தந்திக்கு மேல் தந்தி. உங்கள் குதிரைவீரர்களில் பலருக்குக் குதிரையே இல்லை. அது இல்லாமல் ஜெயித்தாலும் ஓடுகிறவனைத் துரத்த முடியாது என்பது உங்கள் கணக்கு. உங்கள் குதிரைப்படைத் தலைவர் வில்சன் சுற்றுவட்டாரமெல்லாம் குதிரை பிடித்தார். சர்க்கஸ் குதிரைகளும் தப்பவில்லை. எல்லாம் கூடிவந்த வேளையில் உறைமழை பெய்து தரை கண்ணாடியாகிவிட்டது. மனுஷனே நிற்க முடியாத சரிவில் குதிரை எங்கே நிற்கும்? என்னை நீக்குவதானால் முணுமுணுக்காமல் ஏற்பேன் என்று தந்தி அடித்துவிட்டு, பனி உருகக் காத்திருந்தீர்கள். கிராண்ட் உங்கள் இடத்துக்கு ஜெனரல் லோகனை அனுப்பினார். அதுவும் போதாமல் தானே கிளம்பினார்.

15ஆம் தேதி தாக்கினீர்கள். இரண்டே நாளில் ஹூட்டின் படை சிதறியது. அப்புறம் டென்னசி ஆறுவரை துரத்தல். லோகன் அப்போது லூயிவில்வரைதான் வந்திருந்தார். கிராண்ட் வாஷிங்டனைத் தாண்டவில்லை. அத்தனை பாடுபட்டுச் சேர்த்த குதிரைகளிலிருந்து இறங்கி, வில்சனின் ஆட்கள் கால்நடையாகவே சண்டை போட்டார்கள் என்பது தனி வேடிக்கை.

நீங்கள் சுயசரிதை எழுதவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள், அதில் நீங்கள் மெதுவானவராகவே இருக்கிறீர்கள். 1870 மார்ச் 28, சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில், நாஷ்வில் விஷயத்தில் உங்களைக் குறைசொல்லிப் பத்திரிகையில் வந்த கடிதம் ஒன்றுக்கு ஒருவழியாகப் பதில் எழுத உட்கார்ந்தீர்கள். பாதி எழுதும்போதே பக்கவாதம் தாக்கியது. அன்று மாலையே போய்விட்டீர்கள். நியூயார்க் மாநிலத்தில், மனைவியின் ஊரான ட்ராயில் நல்லடக்கம். வர்ஜீனியாவிலிருந்து உங்கள் ரத்த உறவுகள் யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பக்கம் நிற்கும் ஒரு வாசகன்