முதல் இதழ்: அச்சுக்கு முன் ஒரு வேலை

எல்லாருக்கும் வணக்கம். நம் அதிபுனைவுச் (மாயமும் கற்பனையும் கலந்த) சிறுகதை இதழின் பக்க வடிவமைப்பு நேற்றிரவு முடிந்தது. மொத்தம் 66 பக்கம். நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் 4இன் மடங்காக வர வேண்டும். 64க்குக் குறைக்கக் கதையை வெட்ட எனக்கு மனமில்லை. 68 ஆக்கி, மிஞ்சும் இரண்டு பக்கத்தில் தம்பி வரைந்த உட்துறைமுகப் படத்தைப் போடுவோம்.

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து எழுதிய கதையை மறுபடி வாசித்தேன். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை ஏழு காலங்களாக்கி, ஐந்தாம் கிணற்றில் விட்ட வாளியில் அம்மம்மாவின் காப்பு வருகிறதே, அந்த இடத்தில் வாசிப்பை அப்படியே நிறுத்திவிட்டேன். இப்படியான கதைகளுக்கு இடம் வேண்டும் என்றுதானே கைக்காசு போட்டு நாமே இதைத் தொடங்கினோம்!

சரி, இப்போது ஒப்புநோக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்த மூன்று கதைகளை யுனிகோடுக்கு மாற்றியபோது காற்புள்ளி இருந்த இடங்களில் ‘இ’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘கடல்இ காற்றுஇ உப்பு’ என்று நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் உண்மையான ‘இ’யும் போய்விடும், அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு கதை எடுங்கள். தன் கதையைத் தானே பார்க்க வேண்டாம், பிழை கண்ணில் படாது.

வெள்ளி இரவுக்குள் திருத்தங்களை எனக்கு அனுப்புங்கள். சனி காலை அச்சகத்துக்குப் போகிறேன். 200 பிரதி.