மலோன் வீட்டுப் பிள்ளைகள்

அம்மு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "அம்மா, என்னைப் பெத்தவங்களை நான் தேடிப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றையிலிருந்து அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. மறுபடி போன் செய்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நாலாவது படிக்கும்போது அப்பா வாடகைக்கு எடுத்து வந்த 'எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்' சிடி ஞாபகம் இருக்கிறதா? 1975-இல் டிஸ்னி எடுத்தது. அலெக்சாண்டர் கீ என்பவர் 1968-இல் எழுதிய கதை. டோனி, டியா என்று அண்ணனும் தங்கையும், பார்க்க நம் தெருப் பிள்ளைகள் மாதிரியே இருப்பார்கள், ஆனால் அவன் மவுத் ஆர்கனை வாசித்தால் சட்டையும் தொப்பியும் எழுந்து ஆடும், அவள் உதடு அசையாமலே அவனோடு பேசுவாள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து இங்கே மாட்டிக்கொண்டவர்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கடலில் தத்தளித்த ஞாபகம் மட்டும் துண்டு துண்டாக வரும். நான்தான் மாமா என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான். படத்தின் பாதியில் நீ என் மடியிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கும் ஒரு மாமா வருவாராம்மா?" என்று கேட்டாய். நான் எழுந்து டிவியை அணைத்தேன். "கதைதானே, வா சாப்பிட" என்றேன். முடிவை நீ பார்க்கவே இல்லை. ஐந்து வயதிலேயே உன்னைத் தத்தெடுத்ததை உன்னிடம் சொல்லிவிட்டோம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள், ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கே பயந்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு.

திங்கட்கிழமை ராத்திரி அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துக் கடைசி வரை பார்த்தேன். அன்றைக்குக் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்த மலோன் தம்பதி படத்தில் ஒரு காட்சியில்கூட இல்லை. அவர்கள் இறந்துபோன பிறகு பிள்ளைகள் அநாதை இல்லத்துக்கு வருவதில்தான் கதையே தொடங்குகிறது. அவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. நான் மட்டும் அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் ஒரு தட்டு தானாக நகர்ந்ததை முதலில் பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும், யாரிடம் சொல்லியிருப்பாள், ராத்திரி தூங்கினாளா? ஆனால் ஒன்று அம்மு, படம் முழுக்க அந்தப் பிள்ளைகள் மலோன் என்ற பெயரோடுதான் ஓடுகிறார்கள்.

2009-இல் இதே கதையை மாற்றி எடுத்ததை நீ சிநேகிதிகளோடு தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாயே, லாஸ் வேகாஸ் டாக்ஸிக்காரர் வருவாரே, அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதில் வரும் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார், எங்கே போக வேண்டும் என்பது முதலிலேயே தெரியும். பழைய படத்தில் டியாவின் கையில் இருப்பது ஒரு சின்னப் பெட்டிதான். அதன் மேல் இரட்டை நட்சத்திரம். அதற்குள் ஒளிந்திருக்கிற வரைபடத்தைக் கண்டுபிடித்து, ஸ்டோனி கிரீக் என்ற ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அதை நம்பிக் கிளம்புகிறார்கள்.

உன்னிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. பத்து மாதத்தில் நீ எங்கள் கைக்கு வந்தபோது போட்டிருந்த மஞ்சள் கவுன். முதுகில் மூன்று பட்டன். இரண்டு வெள்ளை நூலில் தைத்தது, கீழே உள்ளது மட்டும் சிவப்பு நூலில். அறுந்த பட்டனை யாரோ கையில் கிடைத்த நூலால் அவசரமாகத் தைத்து, பின்பக்கம் நான்கைந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பெற்றவளா, இல்லத்து ஆயாவா, தெரியாது. டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயில் காட்டி மறுபடி மடித்து வைப்பேன். உனக்குக் காட்டியதில்லை. அதுவும் அந்தப் பயத்தால்தான்.

விவரம் விசாரித்தேன். தத்து வந்த பிள்ளை 18 வயது தாண்டினால் பெற்றவர்களைத் தேடித் தானே விண்ணப்பம் போடலாமாம், எங்கள் கையெழுத்து வேண்டாமாம். ஆனால் பெற்றவள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தால் முதலில் அவளிடம் சம்மதம் கேட்பார்களாம், அவள் மறுத்தால் அவள் யார் என்று சொல்ல மாட்டார்களாம். அப்படி ஒரு பதில் வந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடாதே, நேராக வீட்டுக்கு வா. அப்புறம், பணம் கொடுத்தால் முகவரி எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் பக்கத்தில் சேர்க்காதே. படத்திலும் பணக்காரர் போல்ட்டுக்காக டெரேனியன் என்பவன் போலிக் காகிதங்களோடு வந்து நான்தான் மாமா என்கிறான்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஜேசன் ஓடே என்று வீடு மாதிரி ஒரு வேனில் சுற்றுகிற கிழவர் வருவாரே, மனைவியை இழந்தவர், பிள்ளைகளை முதலில் ஏற்றிக்கொள்ளவே மனசில்லாமல் சிடுசிடுத்து, அப்புறம் அவர்களின் மாமா இருக்கும் மலை வரை கொண்டுபோய் விடுவாரே, அவர் வந்ததிலிருந்து அப்பா சாய்ந்து உட்காரவே இல்லை. கடைசியில் பிள்ளைகள் அவரை விட்டுப் போகும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் காலையில் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்து, கோயம்புத்தூர் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும், விடியற்காலையில் கிளம்பினால் விண்ணப்பம் கொடுக்கிற ஆபீஸ் திறக்கும்போது போய்விடலாம், அம்முவுக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று கேள் என்றார். கவுனை கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை, வரும்போது உன் கையில் தருகிறேன். தேதியைச் சொல்லு.

அம்மா