அட்டாச்மென்ட்டுக்கு எந்த காம்போசிட்? வடசென்னைப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக மருத்துவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நம் பக்கம் எங்கே பார்த்தாலும் இப்போது கிளியர் அலைனர் போடுகிறோம். கம்பி கட்டிக்கொள்ளத் தயங்கியவர்கள்கூடத் தைரியமாக வருகிறார்கள். நல்ல மாற்றம். அதனால்தான் இந்த மடல். உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: அட்டாச்மென்ட் ஒட்டும்போது எந்த காம்போசிட்டை (பல் நிறப் பிசின் கலவையை) எடுக்கிறோம் என்று யோசித்து எடுங்கள். எடுத்ததன் பெயரை நோயாளியின் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். அலைனர் என்பது பல்வரிசை மேல் உறைபோல உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு உறையும் பல்லைச் சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும். ஆனால் வழுவழுப்பான பல்லைத் திருப்பவோ கீழே இழுக்கவோ வெறும் பிளாஸ்டிக்கால் முடியாது, வழுக்கிவிடும். அதற்குப் பிடிமானமாகப் பல்லின் மேல் பல் நிற காம்போசிட்டில் சுமார் 1 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு மேடு வைக்கிறோம். நோயாளிகள் ‘பொட்டு’ என்று சொல்கிறார்களே, அதுதான் அட்டாச்மென்ட். அதன் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். உறை அந்தச் சரிவை அழுத்தும்போதுதான் பல் திரும்புகிறது.

இனி நமக்குள் பேசுவோம். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் உலோகத் துண்டான பிராக்கெட்டை ஒட்டிப் பழகிய கை நம்முடையது. பிராக்கெட்டில் காம்போசிட் வெறும் பசை, உலோகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். வேலை செய்வது உலோகம். அட்டாச்மென்ட்டில் அப்படி இல்லை, காம்போசிட்டே கருவி. நோயாளி ஒவ்வொரு முறை சாப்பிட உட்காரும்போதும் உறையைக் கழற்றி மாட்டுகிறார், ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில் பிளாஸ்டிக் உரசுகிறது. மாதக்கணக்கில் இது நடக்கிறது. ஆகவே ‘ஒட்டுமா’ என்ற கேள்வி மட்டும் போதாது, ‘வடிவம் நிற்குமா’ என்றும் கேட்க வேண்டும்.

ஒட்டும் பலத்தைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் எட்ச் செய்து (பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி), எனாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும்வரை உலர்த்தி, எச்சில் படாமல் பாண்டிங் என்னும் ஒட்டு திரவம் போட்டால், இளகி வழியும் ஃப்ளோவபிள் காம்போசிட்டும் பிடிக்கும், கெட்டியான பேஸ்ட் காம்போசிட்டும் பிடிக்கும். பல் சீரமைப்புக்கு 6 முதல் 8 மெகாபாஸ்கல் ஒட்டும் பலம் போதும் என்று 1975-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன அளவை ஆய்வகச் சோதனைகளில் இரண்டுமே பெரும்பாலும் தாண்டிவிடுகின்றன. அட்டாச்மென்ட் சீக்கிரம் கழன்று விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தை, அப்புறம் காம்போசிட்டை ஒளியால் இறுக வைக்கும் லைட் க்யூரின் முனையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய காம்போசிட்டை.

வித்தியாசம் தெரிவது தேய்மானத்தில்தான். சாதாரண ஃப்ளோவபிளில் நிரப்புத் துகள் குறைவு, ரெசின் அதிகம். எடைக் கணக்கில் துகள் 50 முதல் 70 சதவீதம் இருக்கும். நாம் சொத்தை அடைக்கும் பேஸ்ட் காம்போசிட்டிலோ 75 சதவீதத்துக்கும் மேல் போகும். துகள் குறைந்தால் சுருக்கம் கூடும், விளிம்பு சீக்கிரம் மழுங்கும். ஆனால் மேட்டை வார்க்கப் பல்மேல் மாட்டும் அச்சு இருக்கிறதே, அந்த டெம்ப்ளேட்டின் குழியில் ஃப்ளோவபிள் தானாக வழிந்து நிரம்பும், காற்றுக் குமிழி குறைவு, வேலை சீக்கிரம் முடியும். பேஸ்ட்டை அமுக்கித் திணிக்க வேண்டும். திணிக்கும்போது டெம்ப்ளேட் பல்லில் முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டால், மேடு தப்பான இடத்தில் நிற்கும். இரண்டிலும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. இருபது நிமிட வசதிக்காக ஒன்றரை வருட சிகிச்சையைப் பணயம் வைக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் பெண் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் தொடங்கிய சிகிச்சை. மேல் கோரைப்பல் திரும்ப மறுக்கிறது, உறைக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. காற்றடித்து உலர்த்திவிட்டு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தேன். சரிவாக இருக்க வேண்டிய முகம், கடித்துத் துப்பிய புளியங்கொட்டைபோல் உருண்டு கிடந்தது. ப்ரோப் ஊசியை வைத்து இழுத்தால் விளிம்பு எங்கும் தட்டவில்லை. சுற்றிலும் எனாமல்மேல் வழிந்த காம்போசிட் மெல்லிய படலமாக நின்று, மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. எந்த காம்போசிட் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, கையிலிருந்த காகிதத்திலும் இல்லை. அந்தப் பெண் உறையை ஒழுங்காகப் போட்டவர். “நீங்க சரியா போடல” என்றுதான் அதுவரை அவரிடம் சொல்லியிருந்தார்களாம். தவணை கட்டிக்கொண்டு, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருபவரிடம் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

அந்தப் படலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிந்த காம்போசிட்டை அப்படியே விட்டால் அதன் ஓரத்தில் அழுக்கு சேரும், எனாமலில் வெள்ளைப் புள்ளி வரும், உறையும் முழுதாக உட்காராது. நம் ஊர்ச் சாப்பாட்டு மஞ்சளும் டீயும் ரெசின் அதிகமுள்ள காம்போசிட்டில் எளிதாக ஏறும். கத்திரி வெயிலில் ஃப்ளோவபிள் இன்னும் இளகிப் பாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் குழியைத் தளும்ப நிரப்பினால் பாதி பல் இடுக்குக்குள் போய்விடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் திருப்பும் அட்டாச்மென்ட்டுகளுக்குப் பேஸ்ட் காம்போசிட்தான். காம்போசிட் வார்மரில் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகிக் குழியில் நன்றாக உட்காரும். வார்மர் இல்லையென்றால், துகள் அதிகமுள்ள, சிரிஞ்சிலிருந்து நேராகச் செலுத்தும் புது வகைகள் கிடைக்கின்றன, பேஸ்ட்டுக்கு அடுத்து அவைதான் என் தேர்வு. உறை கழலாமல் பிடிக்க மட்டும் வைக்கும் மேடு, அல்லது நான்கைந்து மாதத்தில் முடியும் சின்ன கேஸ் என்றால் சாதாரண ஃப்ளோவபிள் தாராளமாகப் போதும், அங்கே நான் சண்டைக்கு வரமாட்டேன். எதுவானாலும் குழியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்புங்கள். டெம்ப்ளேட் வழியாகப் போகும் ஒளி குறைவதால், அதைக் கழற்றிய பிறகு இன்னொரு முறை ஒளி காட்டி க்யூர் செய்யுங்கள். பிறகு கார்பைட் பர் என்னும் சுழலும் முனையால் வழிந்ததை மட்டும் எடுங்கள். சரிவு முகத்தைத் தொடவே வேண்டாம்.

அட்டையில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எண்ணூருக்கோ மணலிக்கோ வேலை மாறிப் போகிறவர் அடுத்த மருத்துவரிடம் போய் நிற்கும்போது, உடைந்த மேட்டை எதைக் கொண்டு சரிசெய்வது, எத்தனை மாதத்தில் தேய்ந்தது என்று அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும். காம்போசிட்டின் பெயர், நிறம், ஒட்டிய தேதி, எந்தெந்தப் பல், அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. அலைனர் நிறுவனத்தின் கோப்பில் மேட்டின் வடிவம் இருக்கும், நம் கையிலிருந்த சிரிஞ்சின் பெயர் இருக்காது.

என்னிடமிருந்து உங்களிடம் வரும் ஒவ்வொரு அட்டையிலும் அந்த வரி இருக்கும். உங்களிடமிருந்து வரும் அட்டையிலும் இருக்கட்டும். எந்த காம்போசிட் எத்தனை மாதம் தாங்கியது என்று ஒரு வருடம் கழித்து, உட்கார்ந்து பேசலாம். இடம் நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
ஒரு பல் சீரமைப்பு மருத்துவர்,
பழைய வண்ணாரப்பேட்டை