குரூப்பில் கிடக்கும் ஆதார் அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்திகளை நிறுவனம் படிக்கிறதா, அரசு படிக்கிறதா என்று தங்கள் இதழில் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் வீட்டுக்குள் வந்த ஆபத்து அந்த இரண்டு வழியாகவும் வரவில்லை. என் மகளின் வகுப்புக் குரூப் வழியாக வந்தது.

மகள் ஏழாம் வகுப்பு. சென்ற ஆண்டு உதவித்தொகைக்காக, "பிள்ளையின் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், இரண்டையும் இன்று மாலைக்குள் குரூப்பில் போடவும்" என்று தகவல் வந்தது. அரை மணி நேரத்தில் படங்கள் வந்து குவிந்துவிட்டன. பாயில் விரித்து வைத்த பாஸ்புக், ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல். கேஸ் அடுப்பு மேடையில் வைத்து எடுத்த ஆதார் அட்டை. எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் போட்டேன்.

இரவு கேலரியைத் திறந்தால், மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே ஊரார் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்தக் குரூப்பில் 39 பேர். அப்படியானால் என் மகளுடையதும் மற்ற 38 போனில் இருக்கிறது. அதில் எத்தனை போன் பூட்டில்லாமல் சின்னப் பிள்ளைகள் கையில் விளையாடக் கிடக்கிறதோ! போன மாதம் டிஸ்பிளே உடைந்து ரிப்பேர் கடையில் போனைக் கொடுத்தபோது, அவர் கேட்டாரென்று பேட்டர்னையும் போட்டுக் காட்டிவிட்டு வந்தவள் நான்.

வாட்ஸ்அப்பில் 2016 முதல் முழு மறையாக்கம் இருக்கிறது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. சரி, ஆனால் அந்தப் பூட்டு வழியில்தான். வந்து சேர்ந்த இடத்தில் படம் திறந்துதான் கிடக்கிறது. கேலரியில் ஒரு நகல் சேரும். கூகுள் கணக்கில் பேக்கப் எடுத்தால் அங்கேயும் ஒரு நகல் போகும். அந்த பேக்கப்புக்கும் பூட்டுப் போடும் வசதி 2021-இல் வந்தது, அதை நாமாகப் போய் இயக்கினால்தான் உண்டு. 'எல்லோருக்கும் அழி' என்று கொடுத்தாலும், அதற்குள் ஒருவர் வேறிடத்துக்கு அனுப்பிவிட்ட நகல் அழியாது.

இரண்டு மாதம் கழித்து, அதே வகுப்பிலிருக்கும் ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு போன் வந்தது. பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த பேங்க் என்பதுவரை சரியாகச் சொல்லி, "உதவித்தொகை வந்திருக்கும்மா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றிருக்கிறான். ஓடிபியில் நான்கு எண் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த அவர் மகள் போனைப் பிடுங்கி நிறுத்தினாள். குரூப்பிலிருந்துதான் தகவல் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் சொன்ன மூன்று விவரமும் அந்தக் குரூப்பில் இருந்தவை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதுகூட எங்களில் பலருக்கு அன்று தெரியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. முப்பது பேர் போட்ட பிறகு, முப்பத்தோராவதாக ஒரு அம்மா "நான் போட மாட்டேன்" என்று அந்தக் குரூப்பில் எப்படிச் சொல்வாள்? பிள்ளைக்குப் பணம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் போடுவதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசினேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொந்த போன், சொந்த நெட்பேக். இரவு பத்து மணிக்கும் பெற்றோர் அழைக்கிறார்களாம். "தனித்தனியா அனுப்பினா நான் எப்போம்மா பார்த்து ஏத்துறது?" என்றார். அதனால் நான் கேட்பது பள்ளி நிர்வாகங்களிடம்தான். ஆவணம் வேண்டுமானால் அலுவலகத்தில் ஜெராக்ஸாக வாங்கிக்கொள்ளுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் போதும். ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வைத்தால் யாரும் தெரியாமல்கூடப் போட முடியாது.

பெற்றோரும் செட்டிங்கில் இரண்டு வேலை பார்க்கலாம். படங்கள் தானாக கேலரியில் சேர்வதை நிறுத்தலாம். முன்பின் தெரியாதவர்கள் நம்மைக் குரூப்பில் சேர்க்க முடியாதபடி மாற்றலாம். அப்புறம், ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பரையும் போட்டுவிடுங்கள். நம் எண்ணிலுள்ள வாட்ஸ்அப்பை வேறொருவர் அவர் போனில் எடுத்துக்கொள்ள விடாது.

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஜெராக்ஸ்தான் வாங்கினார்கள். பழைய படங்களை நான் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். மற்றவர்களும் அழித்துவிடுங்கள் என்று குரூப்பில் எழுதினேன். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்,
திண்டுக்கல்.